துண்டுக்குள் மூன்றாவது கை

கொடிக்கல்லூர் மாட்டுச் சந்தையில், சன்னாசித் தரகரின் துண்டுக்கு அடியில் மூன்றாவதாக ஒரு கை வந்து சேர்ந்த செவ்வாய்க்கிழமை விசேஷமாக எதுவும் நடக்கவில்லை. பட்டப்பகலில் இருட்டவில்லை, கன்று இரட்டைத் தலையோடு பிறக்கவில்லை, வாகைமரத்து நெற்றுகள் எப்போதும்போலக் காற்றுக்குச் சலசலத்துக்கொண்டிருந்தன, பஞ்சவர்ணத்தின் டீக்கடையில் கடைசி வடை யாருக்கு என்று இரண்டு பேர் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

எங்கள் சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்கிற வழக்கம் கிடையாது. விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும், விரலைப் பிடித்தால் ஒரு விலை, மடக்கினால் ஒரு விலை, சுற்றி எத்தனை பேர் நின்றாலும் பேரம் அந்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். தரகர் துண்டைப் பிடித்தபடி நடுவில் குத்தவைத்திருப்பார். கைகள் ஒத்துப்போனதும் துண்டை உருவி, உதறி, தோளில் போடுவார். உதறிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கு முன்னால் யாரும் கையை எடுக்கக் கூடாது. எடுத்தவன் அப்புறம் எங்கள் சந்தையில் ஓர் ஆட்டுக்குட்டிகூட வாங்க முடியாது. துண்டைத் தூக்கிப் பார்ப்பதோ அதைவிடக் கேவலம், அடுத்த வீட்டுப் படுக்கையை எட்டிப் பார்க்கிற மாதிரி.

அன்றைக்குச் செவலைப் பசு ஒன்றுக்குப் பேரம் நடந்தது. வாங்க வந்தவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன சன்னாசி, நீயும் கைய உள்ள விட்டுட்டியா?"

"என் ரெண்டு கையும் துண்டப் பிடிச்சிருக்கு. கண்ணு அவிஞ்சு போச்சா?"

"அப்ப இது யாரு கை? ஐஸ்பெட்டிக்குள்ள கெடந்தது மாதிரி இருக்கு."

விற்கிறவரும் மெதுவாகச் சொன்னார். "ஆமாண்ணே. என் கையவும் ஒண்ணு பிடிச்சிருக்கு. நான் அவரு கைதான்னு நெனச்சேன்."

சன்னாசித் தரகர் துண்டுக்கு மேலே குனிந்து, "எந்த ஊர்த் தரகன்டா நீ? அடுத்தவன் தொழில்ல கைய விடுறவன்?" என்று திட்டினார். அந்தப் பேரம் எந்தப் பேரமும் முடியாத வேகத்தில் முடிந்தது, துண்டை உதறியபோது அடியில் இரண்டு கைகள்தான் இருந்தன, பசு கைமாறிப் போயிற்று. அந்த இரண்டு பேருக்கும் அப்பா காலத்திலிருந்தே ஒரு வரப்புச் சண்டை உண்டு. டீக்கடைக்குச் சேர்ந்து வந்தவர்களைப் பார்த்து, "அட, வரப்புச் சண்டை என்னாச்சு?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்த வரப்பு?" என்றார் ஒருவர்.

அவ்வளவுதான். அடுத்த செவ்வாய்க்கிழமை மாடு இல்லாமல் மனிதர்கள் சந்தைக்கு வரத் தொடங்கினார்கள்.

அந்தக் கை தீர்ப்பு எதுவும் சொல்லாது. இவனுக்கு இத்தனை, அவனுக்கு அத்தனை என்று விரலை மடக்கிக் காட்டாது. சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து துண்டுக்குள் கையை நீட்டினால், கிணற்றுத் தொட்டியின் அடிப்பாசி மாதிரி குளிர்ந்து அது வரும்; இருப்பது ஒரே கைதான், ஆனால் தன் கையை மட்டுமே அது முழுசாகப் பற்றியிருப்பதாக இரண்டு பேருக்கும் தோன்றும்; பிறகு உள்ளங்கையில் எறும்பு ஊர்வதுபோல ஒன்று ஊரும்; ஊர்ந்து முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓர் அழுத்து அழுத்துவார்கள், அதுதான் சம்மதம், சன்னாசித் தரகர் துண்டை உதறிவிடுவார். எழுந்து போகிறவர்களின் வலது உள்ளங்கையில் ஒரு ரேகை குறைந்திருக்கும்; நாளடைவில் மிச்ச ரேகையும் விரல்நுனிவரைக்கும் தேய்ந்து வழவழத்துவிடும்.

முதலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பிறகு கவனித்தார்கள், கவனித்தும் வந்தார்கள். பெரியவன் தெற்குப் பாதியிலும் சின்னவன் வடக்குப் பாதியிலுமாக நடுக்கூடத்தில் சுவர் வைத்துக் குடியிருந்த அண்ணன் தம்பி இருவர் வந்து கை கொடுத்தார்கள். அவர்கள் சண்டை அப்பாவைப் பற்றியது, கடைசிக் காலத்தில் யார் கஞ்சி ஊற்றியது என்பதைப் பற்றியது; அதனால் அப்பாவும் ரேகையோடு போய்விட்டார். இப்போது சுவருக்கு இந்தப் பக்கமிருந்து, "ஏங்க, கொஞ்சம் உப்பு இருக்குங்களா?" என்று ஒருவர் மரியாதையாகக் கேட்பார், "இருக்குங்க, வாங்க" என்று மற்றவர் சொல்வார், இரண்டு வீட்டுக்கும் ஒரே ஆள் படம் மாலையோடு எப்படி வந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. புருஷனோடு வாழ மாட்டேன் என்று வந்த ஜோதிமணி, துண்டை உதறிய பிறகு அவனைப் பார்த்து, "பஸ்ஸு எத்தன மணிக்குங்க?" என்று கேட்டாள், அவன் நேரம் சொன்னான், ஒரே பஸ்ஸில் ஏறி, வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து, வேறு வேறு ஊரில் இறங்கிக்கொண்டார்கள். அவள் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிறு எதற்கு என்று அம்மாவிடம் கேட்டபோது அம்மா அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

ஊர் இதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டது. ரேஷன் கடை மிஷின் பாதிப் பேருடைய விரலைத் தெரியாது என்று சொல்லிவிட்டதால், தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் வந்து பார்த்து, ரேகை இல்லாதவர்களுக்குத் தனி வரிசை வைத்துவிட்டுப் போனார்கள். கைரேகை ஜோசியர் கிளி ஜோசியத்துக்கு மாறினார். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வேலையில்லாமல் மல்லிச்செடி வைத்தார்கள், அது நன்றாகப் பூத்தது. மேலத்தெருக்காரர்கள் அந்தக் கை தங்கள் வகையறாவில் செத்துப்போன ஒரு நாட்டாமையின் கை என்றார்கள், கீழத்தெருக்காரர்கள் அது தங்கள் குலசாமியின் கை என்றார்கள், கம்பு கட்டை எடுக்கும் அளவுக்குப் பேச்சு வளர்ந்தது, கடைசியில் தெருவுக்கு ஒருவராகத் துண்டுக்குள் கை விட்டார்கள். அதற்குப் பிறகு அது யாருடைய கை என்ற கேள்வியே எங்கள் ஊரில் எழவில்லை.

எனக்கும் வலது உள்ளங்கை வழவழவென்றுதான் இருக்கிறது. நானும் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை போயிருக்க வேண்டும். யாரோடு, எதற்காக என்று தெரியவில்லை.

இப்படியாக ஊரில் ஒரே ஒரு சண்டைதான் மிச்சமிருந்தது. அது செங்கல் அறுக்கிற வெள்ளத்தாயிக்கும் தோட்டக்காரர் மொக்கராசுக்கும் இடையே இருந்த சண்டை.

வெள்ளத்தாயிக்கு ஒரே மகள், ரோகிணி. எங்கள் வகுப்பில் ஜன்னலோர பெஞ்சில் உட்காருவாள், சிரிப்பு வந்தால் பேனாவைக் கடிப்பாள். கை வருவதற்கு முன்னால், பரீட்சையில் இரண்டு பாடம் போய்விட்ட ஒரு வாரம், மொக்கராசுவின் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போனவள் திரும்பவில்லை. அது சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, தரைமட்டத்துக்கு வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். பிள்ளை குதித்துவிட்டது என்று ஊர் சொன்னது. எம்மக குதிக்கமாட்டா என்று வெள்ளத்தாயி சொன்னாள். அப்போது தோட்டத்தில் இருந்தவர் மொக்கராசு ஒருவர்தான். அவரை அண்ணே என்றுதான் அவள் அதுவரைக்கும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "என்ன பாத்தண்ணே, சொல்லுண்ணே" என்று அவள் கேட்கக் கேட்க, அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவார். வீட்டில் கேட்டால் தோட்டத்துக்குப் போவார், தோட்டத்தில் கேட்டால் வீட்டுக்குப் போவார், பஸ்ஸில் கேட்டால் நடுவழியில் இறங்கிவிடுவார். அவள் பிறகு கிணற்றை மூடு என்று கேட்டாள். அவர் மூடவும் இல்லை, சுவரும் கட்டவில்லை. அண்ணன் அதோடு 'அந்தாளு' ஆகிவிட்டார்.

கை வந்ததிலிருந்து மொக்கராசு எல்லாச் செவ்வாய்க்கிழமையும் சந்தைக்கு வந்தார். வாகைமரத்தடியில் உட்கார்ந்து துண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு, எதிரில் இருக்கிற வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒற்றை ஆளுக்கு அந்தக் கை வராது.

பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேண்டிய நேரம் வந்தது. மற்ற வருஷங்களில் யாரும் பார்க்காவிட்டாலும், இந்த வருஷம் ஊருக்குள் ஒரு பகைகூட இல்லாமல்தான் அம்மனுக்குக் காப்புக் கட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். பெண்கள் கூட்டமாகச் சூளைக்குப் போனார்கள், பஞ்சவர்ணம்தான் முன்னால் நின்றாள்.

"அடியே வெள்ளத்தாயி, ஊரு பூராம் கையக் கழுவுன மாதிரி கெடக்கு. நீ ஒருத்திதான் பிடிச்சுக்கிட்டுத் தொங்குற."

வெள்ளத்தாயி அச்சில் மண்ணை அடித்தாள். "தொங்குறவ கைய விட்டா என்ன ஆகும் மதினி?"

"நெஞ்சு லேசாகும். எனக்கெல்லாம் எப்படி இருக்குங்கிற! எங்க நாத்தனா முகத்தப் பாத்தா ஒண்ணுமே தோணல."

"ஒங்க நாத்தனாவோட எதுக்குச் சண்ட?"

பஞ்சவர்ணம் யோசித்தாள். வெயிலில் அவள் முகம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. "தெரியல."

"ஒங்க மூத்தவன் எப்படிச் செத்தான்?"

"எனக்கு மூத்தவன் ஏதுடி?" என்று சிரித்தாள் பஞ்சவர்ணம். கூட வந்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள், அவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் ஏன் தரையைப் பார்க்கிறோம் என்று தெரியவில்லை.

வெள்ளத்தாயி மண் கையைப் பாவாடையில் துடைத்து விரித்துப் பார்த்தாள். செங்கல் அறுத்து அறுத்துத் தேய்ந்த கை, ஆனாலும் ரேகை எல்லாம் இருந்தது. பிறகு, "துண்ட ஒதறுற வரைக்கும் யாரும் கைய எடுக்கக் கூடாதுல்ல?" என்று கேட்டாள்.

"எடுத்தா மனுசனா?"

"சரி. வாரேன்னு சொல்லுங்க."

அந்தச் செவ்வாய்க்கிழமை மாடுகளைக்கூட யாரும் கொண்டுவரவில்லை. வாகைமரத்தைச் சுற்றி ஊரே நின்றது, கொட்டுக்காரர்கள் காப்புக் கட்டுவதற்குத் தயாராகக் கொட்டுத் தோலைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மொக்கராசு வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி வந்து உட்கார்ந்தார். வெள்ளத்தாயி எதிரில் உட்கார்ந்தாள். சன்னாசித் தரகர் துண்டை விரித்தார், இரண்டு கைகளும் உள்ளே போயின, துண்டு நடுவில் லேசாக மேடிட்டு உயர்ந்ததை எல்லோரும் பார்த்தோம்.

மொக்கராசு உடனே அழுத்திவிட்டார். அவர் தோள் அசைந்ததிலேயே தெரிந்தது. வெள்ளத்தாயி அழுத்தவில்லை.

"எம்மக குதிச்சாளா, விழுந்தாளா?" என்று கேட்டாள்.

கூட்டம் திடுக்கிட்டது. அந்தக் கை வந்த முதல் நாளுக்குப் பிறகு, துண்டுக்குள் கை இருக்கும்போது யாரும் வாயைத் திறந்ததில்லை. "தாயி, பேசக் கூடாது" என்றார் சன்னாசித் தரகர்.

"வெலையத்தான் வாயால சொல்லக் கூடாது தரகரே. நான் வெல கேக்கல."

சன்னாசித் தரகர் துண்டின் இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மொக்கராசு எழுந்திருக்கப் பார்த்தார், சுற்றி நின்ற அத்தனை பேரையும் பார்த்தார், மறுபடியும் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அவருக்குப் போக இடமில்லாமல் போயிற்று.

வெள்ளத்தாயியின் உள்ளங்கையில் எறும்பு ஊர ஆரம்பித்துவிட்டது. அவள் கண் கலங்கிக் கலங்கித் தெளிவதிலிருந்து அது எங்களுக்குத் தெரிந்தது. அவள் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள், மகள் பிறந்தது ரோகிணி நட்சத்திரம், பிறந்தபோது காதில் பூனை முடி, முதலில் பேசிய வார்த்தை அம்மா இல்லை ஆடு, கத்தரிக்காயைத் தட்டில் ஓரமாக ஒதுக்குவாள், இடது கால் செருப்பு மட்டும் சீக்கிரம் தேயும், தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள், மழை பெய்தால் பள்ளிக்கூடப் பையைத் தாவணிக்குள் வைத்துக்கொண்டு தான் நனைவாள் என்று அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் அவளை விட்டுப் போனது, சொன்ன மறுகணம் அதையே யாரோ சொன்னதுபோலத் திகைத்துப் பார்த்தாள், ஆனால் அவளிடமிருந்து போனது எங்கள் காதில் விழுந்து எங்களிடம் தங்கிவிட்டது. நெருப்புப் பிடித்த வீட்டிலிருந்து சாமான்களை ஒவ்வொன்றாகத் தெருவில் எறிகிறவள் மாதிரி அவள் எறிந்துகொண்டே இருந்தாள்.

"ஒன்னத்தான் மாமாம்பா," என்றாள் அவள் மொக்கராசுவைப் பார்த்து. "மாமா தோட்டத்துத் தண்ணிதான் கல்கண்டா இருக்கும்மா அப்படிம்பா... யாரு அப்படிச் சொல்லுவா?" அவள் சுற்றிலும் பார்த்தாள். "இப்பச் சொன்னேனே. யாரு அது?"

"ரோகிணி" என்றோம் நாங்கள் எல்லோரும், ஒரே குரலில்.

மொக்கராசுவின் முகத்தில் வேர்த்துக் கொட்டியது. "தாயி, எனக்கு மறக்குது" என்றார். அதற்காகத்தான் அவர் இத்தனை செவ்வாய்க்கிழமை காத்திருந்தார். ஆனால் அது போகத் தொடங்கியபோது, தண்ணீருக்குள் ஒரு சடை மட்டும் மிதந்துகொண்டிருக்க, அது யார் சடை என்று தெரியாமல் போவதைப் பார்த்து அவர் பயந்துவிட்டார்.

"மறக்குறதுக்குள்ள சொல்லு" என்றாள் வெள்ளத்தாயி.

"குடம்... நீலக் குடம். நான் மோட்டாருகிட்ட நின்னேன். வெளிம்புல ஒரு பிள்ள. அது யாரு தாயி?"

"ரோகிணி" என்றோம்.

"ஆங். ரோகிணி. அவ குதிக்கல." "அவ குதிக்கல தாயி. மாமா, இந்தக் கல்லு ஆடுதுன்னு சொன்னா. அந்தக் கல்லு ஆடும்னு எனக்கு முன்னமே தெரியும். நாளைக்குப் பாப்போம் போடின்னேன். திரும்பிப் பாத்தா குடம்தான் கெடக்கு. கல்லும் இல்ல, பிள்ளையும் இல்ல. ஊருக்குள்ள குதிச்சுட்டான்னு பேசுனாங்க, நான் வாயத் தொறக்கல. குதிச்சிருந்தா எம்மேல ஒண்ணுமில்லையே."

"அப்புறமாவது ஒரு சுவரு வச்சிருக்கலாம்ல?"

"கொத்தனாரக் கூட்டியாந்தேன். திருப்பி அனுப்பிட்டேன். இப்பக் கட்டுனா, அன்னைக்கே கட்டியிருக்கலாம்னு ஆயிரும்ல தாயி."

கொட்டுக்காரர்களின் தீ அணைந்துபோயிருந்தது. வெள்ளத்தாயி அழுகிறாளா என்று பார்த்தோம், அவள் அழவில்லை, "விழுந்தா" என்று மட்டும் சொன்னாள், பிறகு இன்னொரு முறை, யாரையோ தூங்கவைக்கிறவள் மாதிரி மெதுவாக, "விழுந்துட்டா. குதிக்கல."

அப்போதும் அவள் அழுத்தவில்லை. துண்டுக்கு அடியில் என்ன நடந்தது என்று அவள் பின்னால் சொன்னதுதான்: அந்தக் கை அவள் விரல்களை ஒவ்வொன்றாக, கடன் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல விட்டுவிட்டது, சுண்டுவிரலை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்து பிறகு அதையும் விட்டது, விட விட அவளிடமிருந்து போனதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. துண்டின் மேடு அடங்கியது. உதறும் முன் கையை எடுக்கக் கூடாது என்கிற வழக்கத்தை எங்கள் ஊரில் மீறிய ஒரே கை அதுதான்.

சன்னாசித் தரகர் துண்டை உதறினார். இரண்டு கைகள் இருந்தன, ஒன்றையொன்று தொடாமல், ரேகையோடு.

"கெணத்த மூட வேணாம்," என்றாள் வெள்ளத்தாயி எழுந்துகொண்டே. "சுவரு வைண்ணே. கல்லு நான் அறுத்துத் தாரேன்."

அன்றைக்குச் சாயங்காலம் காப்புக் கட்டினோம். கை அதற்குப் பிறகு வரவில்லை. கடைசி வடைக்கு மறுபடியும் சண்டை வந்தது, ஸ்டேஷன் மல்லிச்செடி தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் காய்ந்தது, சண்டைக்காரர்கள் பழக்கத்தில் வந்து வாகைமரத்தடியில் உட்கார்ந்தால் சன்னாசித் தரகர் துண்டைத் தோளிலிருந்து எடுக்காமல் நடுவில் குத்தவைத்துக்கொண்டு, "வாயால பேசுங்க, நான் கேக்குறேன்" என்கிறார். சிலதெல்லாம் தீர்கிறது, சிலது தீர மாட்டேன் என்கிறது.

மொக்கராசுவின் கிணற்றுக்கு இடுப்பளவு சுவர் எழும்பியது. கல் முழுக்க வெள்ளத்தாயி அறுத்தது. மேலே சாந்து பூசி விட்டுப்போன மறுநாள் காலையில், அந்தக் கல் ஆடிய இடத்துக்கு நேர் மேலே, ஈரச் சாந்தில் ஒரு கை பதிந்திருந்தது. ஆணுடையதா பெண்ணுடையதா என்று சொல்ல முடியாது. அதில் ரேகைமேல் ரேகையாக, ஊரே ஓடி நடந்த மண் மாதிரி, எண்ண முடியாதபடி ரேகை.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் வழவழத்த கையோடு ஆட்கள் தோட்டத்துக்கு வருகிறார்கள். வரிசையில் நின்று அந்தப் பதிவின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார்கள். பலருக்கு ஒன்றும் நடப்பதில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே நாளில் வந்து, வைத்து, வீடுவரைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அழுதுகொண்டே நடந்தார்கள், மறுநாள் சுவரைப் பற்றிச் சத்தமாகச் சண்டை போட்டார்கள். பஞ்சவர்ணம் வரிசையில் பாதிவரை வருவாள், திரும்பிப் போய்விடுவாள். நானும் இன்னும் வைக்கவில்லை.

போன வாரம் ஜோதிமணி வந்தாள். கையை வைத்துக் கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள், பிறகு கழுத்துக் கயிற்றைத் தொட்டுக்கொண்டு, "அவரு எந்த ஊருல எறங்குனாரு?" என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கேட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளத்தாயி நீலக் குடத்தில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். அவள் ஒரு நாளும் அதில் கையை வைத்ததில்லை, அவள் ரேகை அவளிடமே இருக்கிறது, அவளுக்குத் தேவையில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எங்கள் வரிசையைக் கடந்து போகும்போது, எப்போதும் சொல்வதையே சொன்னாள்.

"பாத்து வைங்கய்யா. சாந்து இன்னும் காயல."